ஓவன் சூடாகவில்லையா? சுவரில் இருந்து தொடங்குங்கள்

ஓவனைப் போட்டால் உள்ளே விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, முகப்பில் எண்கள் தெரிகின்றன. அரை மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்து கையை நீட்டினால் உள்ளே சூடு என்பதே இல்லை. உடனே "காயில் போயிடுச்சு" என்று முடிவு கட்டிவிடுவோம். நானும் ஒருமுறை அப்படித்தான் செய்தேன். புது எலிமென்ட் (ஓவனுக்குள் சூடாகும் கம்பி) வாங்கி, ஒரு ஞாயிறு மதியம் முழுக்க ஓவனுக்குள் தலையை விட்டு, முதுகு பிடித்துக்கொள்ள மாட்டி முடித்தேன். அப்போதும் சூடாகவில்லை. வெறுத்துப்போய்த் தரையில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் முகப்புக் கடிகாரம் 0:00 என்று மினுக்கிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. முந்தின நாள் கரண்ட் போய் வந்திருந்தது. நேரத்தைச் செட் செய்தேன், ஓவன் சூடேற ஆரம்பித்துவிட்டது. கழற்றி வைத்த பழைய எலிமென்டை அப்புறம் மீட்டரில் வைத்துப் பார்த்தேன். அது நன்றாகத்தான் இருந்தது.

அன்று முதல் என் வழக்கம் இதுதான்: சுவரில் இருக்கும் சாக்கெட்டில் தொடங்கி ஒவ்வொரு கட்டமாக உள்ளே போவது, மீட்டரில் அளந்து பார்க்காமல் எந்தப் பாகத்தையும் வாங்காமல் இருப்பது.

எந்த ஓவன் உங்களிடம் இருக்கிறது?

ஓவன் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் இருக்கின்றன. கம்பி சூடாகி வெப்பம் தரும் மின் ஓவன் ஒன்று. மேஜைமேல் வைக்கும் ஓடிஜியும், அலமாரிக்குள் பொருத்தும் பெரிய ஓவனும் இதே இனம். அடியில் பர்னர் எரியும் கேஸ் ஓவன் இரண்டாவது. மூன்றாவது மைக்ரோவேவ். இங்கே சொல்வது முதல் இரண்டுக்கு மட்டும்தான். மைக்ரோவேவின் மூடியை வீட்டில் யாரும் கழற்றக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் தேங்கி நிற்கலாம். கன்வெக்‌ஷன் வசதியோடு வரும் மைக்ரோவேவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மின் ஓவனைப் பார்க்க ஒரு ஸ்க்ரூடிரைவர் செட், மூக்குக் குறடு, டார்ச், சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், இரண்டு துணி கிளிப் போதும். கிளிப் எதற்கு என்பது பின்னால் வரும்.

கரண்ட் போகும் பாதை

இதை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சுவர் சாக்கெட்டில் இருந்து கிளம்பும் மின்சாரம் முதலில் ஓவனின் பின்பக்க டெர்மினலுக்கு வருகிறது. அங்கிருந்து கடிகாரம் அல்லது டைமர், அடுத்து எந்த எலிமென்ட் வேலை செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் சுவிட்ச், அடுத்து வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், அடுத்து அளவுக்கு மீறிச் சூடானால் அறுத்துவிடும் பாதுகாப்பு கட்-அவுட், கடைசியாக எலிமென்ட். மாடலுக்கு மாடல் இந்த வரிசை கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். எப்படி இருந்தாலும் எல்லாம் ஒரே சரத்தில் கோத்த மணிகள் மாதிரிதான். நடுவில் ஒன்று அறுந்தாலும் கடைசியில் இருக்கும் எலிமென்டுக்குக் கரண்ட் வராது.

உள்விளக்கும் விசிறியும் இந்தச் சரத்தில் பாதியிலேயே பிரிந்துபோகின்றன. தெர்மோஸ்டாட்டைத் தாண்ட வேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை. அதனால் "விளக்கு எரியுதே, கரண்ட் வருதே" என்பதை வைத்து எலிமென்ட் போய்விட்டது என்று சொல்ல முடியாது. விளக்கு சில பத்து வாட்தான் இழுக்கும், எலிமென்ட் 2000 வாட் இழுக்கும். பாதி கருகிய ஒரு இணைப்பு விளக்குக்குப் போதுமான கரண்டைக் கடத்திவிட்டு, எலிமென்ட் கேட்கும்போது கைவிரித்துவிடும்.

கழற்றாமலே பார்க்க வேண்டியவை

கடிகாரத்தை முதலில் சொல்லிவிட்டேன். உள்பொருத்து ஓவன்களில் இது உண்மையிலேயே மிகச் சாதாரணம். கரண்ட் போய் வந்தபின் நேரத்தைச் செட் செய்யும் வரை பல மாடல்கள் எலிமென்டுக்குக் கரண்ட் விடாது. சிலவற்றில் கடிகாரம் தானியங்கி முறையில் மாட்டிக்கொண்டிருக்கும். அப்போது கை படம் போட்ட பொத்தானையோ, கைமுறை என்று பொருள்படும் வேறு குறியையோ அழுத்தினால்தான் ஓவன் நம் சொல் கேட்கும். தாமதத் தொடக்கம் தெரியாமல் செட் ஆகியிருந்தாலும் இதே கதைதான்.

ஓடிஜியில் கடிகாரத்துக்குப் பதில் திருகும் டைமர் இருக்கும். அது பூஜ்யத்தில் நின்றால் மொத்த ஓவனும் செத்ததுபோல் கிடக்கும். வெப்பநிலை நாபை மட்டும் திருகிவிட்டு டைமரை மறந்துபோனவர்கள் எத்தனையோ பேர்.

அடுத்தது குழந்தைப் பூட்டு. முகப்பில் சாவி அல்லது பூட்டுப் படம் தெரிந்தால் அதற்குரிய பொத்தானைச் சில நொடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். அதைவிட விநோதமான ஒன்று, காட்சி முறை. கடையில் வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு இது. விளக்கு எரியும், எண்கள் ஏறும், விசிறியும் சுற்றும், எலிமென்டுக்கு மட்டும் கரண்ட் போகாது. புதிதாக வாங்கிய ஓவன் முதல் நாளே சூடாகவில்லை என்றால் எனக்கு முதல் சந்தேகம் இதில்தான் வரும். வெளியேறும் முறை மாடலோடு வந்த கையேட்டில் இருக்கும்.

அப்புறம் சுவர்ப்பக்கம். 230 வோல்ட்டில் 2500 வாட் ஓவன் ஏறக்குறைய 11 ஆம்பியர் இழுக்கும். மெலிந்த எக்ஸ்டென்ஷன் வயர் இதைத் தாங்காது. பிளக்கைப் பிடுங்கி அதன் முனைகளைப் பாருங்கள். பழுப்பேறியிருந்தால், பிளாஸ்டிக் உருகிய வாடை வந்தால், சாக்கெட்டின் வாயில் கருமை தெரிந்தால், கோளாறு அங்கேதான். அதை மாற்றாமல் ஓவனைத் திறப்பதில் பயன் இல்லை. சாக்கெட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க விளக்கைச் செருகிப் பார்ப்பதைவிட, இஸ்திரிப் பெட்டியையோ கெட்டிலையோ செருகிப் பார்ப்பது மேல். கனமான சுமையில்தான் சாக்கெட்டின் லட்சணம் தெரியும்.

120 வோல்ட் கம்பிகள் இரண்டைச் சேர்த்து 240 வோல்ட் தரும் நாடுகளில் இன்னொரு சாத்தியம் உண்டு. இரண்டில் ஒரு கம்பி மட்டும் அறுந்திருக்கும். கடிகாரமும் விளக்கும் 120-இலேயே ஓடுவதால் அவை வேலை செய்யும், எலிமென்ட் மட்டும் சூடாகாது. இரட்டை பிரேக்கரை முழுதாக அணைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். பாதி விழுந்த பிரேக்கர் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும்.

ஒவ்வொரு முறையாகப் போட்டுப் பாருங்கள்

ஓவனைத் திறக்காமல் கிடைக்கும் துப்புகளில் இதுதான் விலைமதிப்பானது. ஆனாலும் பலரும் இதைச் செய்வதே இல்லை. பெரிய ஓவனில் பொதுவாக மூன்று எலிமென்டுகள்: மேலே கிரில், கீழே அடி எலிமென்ட், பின்புறம் விசிறியைச் சுற்றி வளையம். வெறும் ஓவனில், ஒவ்வொரு முறையையும் தனித்தனியாக ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓவன் ஆறட்டும்.

கிரில்லைப் போட்டால் மேல் கம்பி இரண்டு மூன்று நிமிடத்தில் சிவக்கும், கண்ணாடி வழியாகவே தெரியும். அடி எலிமென்ட் பல மாடல்களில் தரைத்தகட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும். அதனால் கண்ணுக்குத் தெரியாது; கதவைத் திறந்து, எதையும் தொடாமல், தரைக்கு ஒரு சாண் மேலே கையை நீட்டினால் தெரிந்துவிடும். வளைய எலிமென்டும் பின்தகட்டுக்குப் பின்னால்தான். விசிறி முறையில் பின்பக்கம் இருந்து சூடான காற்று முகத்தில் அடிக்கிறதா என்பதே அதற்குச் சோதனை.

கிரில் சிவக்கிறது, அடிப்பக்கமும் சூடாகிறது, விசிறி முறையில் மட்டும் குளிர்ந்த காற்று என்றால் குற்றவாளி வளைய எலிமென்ட் அல்லது அதற்குப் போகும் வயர். தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்கவே வேண்டாம். அது போயிருந்தால் மூன்றும் போயிருக்கும். மூன்றுமே குளிர்ந்து கிடந்தால் அப்போது பொதுவான பாதையைத்தான் பார்க்க வேண்டும்: டைமர், செலக்டர், தெர்மோஸ்டாட், கட்-அவுட். மூன்று எலிமென்டும் ஒரே நாளில் சேர்ந்து செத்துப்போவது நடக்காத காரியம்.

சில நிமிடம் சூடாகி நின்றுவிடுகிறதா? கட்-அவுட் அல்லது ஓவனைச் சுற்றிக் காற்றடிக்கும் குளிரூட்டும் விசிறி. ஓவனைப் போட்டதும் மெயின் போர்டில் எம்சிபி அல்லது ஆர்சிசிபி (கரண்ட் அளவுக்கு மீறினாலோ எர்த்துக்குக் கசிந்தாலோ தானே விழும் சுவிட்சுகள்) விழுகிறதா? எலிமென்டில் இருந்து எர்த்துக்குக் கசிவு. தானே சுத்தம் செய்யும் முறையை ஓட்டிய மறுநாளே ஓவன் செத்துவிட்டதா? அந்த முறையில் உள்வெப்பம் 450 டிகிரிக்கு மேலேயும் போகும், அப்போது ஒருமுறை மட்டுமே பயன்படும் தெர்மல் ஃபியூஸ் அறுந்துபோவது வழக்கம். விருந்தாளி வருவதற்கு முந்தின நாள் அந்தச் சுத்தத்தை ஓட்டாதீர்கள் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள்.

திறப்பதற்கு முன்

பிளக்கைப் பிடுங்குங்கள். பிளக் இல்லாமல் நேரடியாக இணைத்த ஓவன் என்றால் மெயின் போர்டில் அதற்குரிய பிரேக்கரை அணைத்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி டேப் ஒட்டுங்கள். ஓவன் முகப்பில் இருக்கும் நாபை அணைப்பது அணைப்பே ஆகாது. முழுதாக ஆறும்வரை பொறுங்கள். தகட்டு ஓரங்கள் கத்திபோல் இருக்கும், கையுறை போட்டுக்கொள்வது நல்லது. உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு அவர்களைக் கூப்பிடுங்கள். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினாலும் அதைக் காரணம் காட்டி மறுத்துவிடலாம்.

கீழே இனி வரும் அளவுகள் எல்லாமே கரண்ட் இல்லாத நிலையில் எடுப்பவை. கரண்டோடு வோல்ட் அளப்பது எலக்ட்ரீஷியன் வேலை, அதை இங்கே சொல்லப்போவதில்லை.

எலிமென்டைக் கண்ணால் பார்ப்பது, மீட்டரால் பார்ப்பது

முதலில் டார்ச் அடித்துக் கம்பியின் முழு நீளத்தையும் பாருங்கள். ஓரிடத்தில் கொப்புளம், வெடிப்பு, கருகிய ஓட்டை, வெள்ளைப் பொடி கசிந்த தடம், இவற்றில் ஒன்று தென்பட்டாலும் எலிமென்ட் முடிந்தது. அந்த வெள்ளைப் பொடி மெக்னீசியம் ஆக்சைடு. வெளியே நாம் பார்க்கும் உலோகக் குழாய் வெறும் சட்டைதான். நிஜமாகச் சூடாவது அதன் நடுவே ஓடும் மெல்லிய நிக்ரோம் சுருள். இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் பிரித்து வைப்பது அந்தப் பொடி. சுருள் அறுந்தால் சூடு இல்லை. பொடியில் ஈரம் ஏறினால் எர்த் கசிவு.

வெளியே தெரியும் எலிமென்ட் பெரும்பாலும் இரண்டு ஸ்க்ரூவில்தான் நிற்கும். கழற்றி மெதுவாக முன்னால் இழுத்தால் ஒரு கைநீளத்துக்கும் குறைவாகவே வெளியே வரும், பின்னால் வயர்கள் ஒட்டிக்கொண்டு வரும். இங்கேதான் துணி கிளிப். வயரை எலிமென்டில் இருந்து பிடுங்கிய மறுநொடி அது துள்ளிப் பின்சுவர் ஓட்டைக்குள் போய்விடும். போனால் ஓவனையே அலமாரியில் இருந்து வெளியே இழுக்க வேண்டிவரும். வயரைக் கழற்றுவதற்கு முன்பே அதன்மேல் கிளிப்பைப் போட்டுவிடுங்கள். எந்த வயர் எந்த முனையில் இருந்தது என்று ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வயர் நுனியில் இருக்கும் அந்தச் சின்னத் தகட்டு இணைப்பைக் கவனமாகப் பாருங்கள். எலிமென்ட் நன்றாக இருந்தும் ஓவன் சூடாகாமல் போவதற்கு இந்தக் கால் அங்குல இடம் அடிக்கடி காரணம். இணைப்பு லேசாகத் தளர்ந்தால் அந்த இடமே சூடாகும், சூடானால் இன்னும் தளரும், கடைசியில் கருகி அறுந்துபோகும். நல்ல இணைப்பைப் பிடுங்கக் குறடு வேண்டியிருக்கும். விரலால் இழுத்தவுடனே வந்துவிட்டால், தகடு நீலமாகவோ கறுப்பாகவோ மாறியிருந்தால், அதை வெட்டிவிட்டு அதிக வெப்பம் தாங்கும் புது இணைப்பைக் கிரிம்ப் செய்ய (வயரோடு சேர்த்து நசுக்கிப் பொருத்த) வேண்டும். சாதாரணப் பிளாஸ்டிக் உறை போட்ட இணைப்பும், இன்சுலேஷன் டேப்பும் அந்த இடத்தில் உருகி வழியும்.

இப்போது மீட்டர். ஓம் அளவில் 200-இல் வையுங்கள். இரண்டு புரோபையும் (மீட்டர் வயரின் கூர்முனைகளை) ஒன்றோடொன்று தொடவைத்தால் 0.2, 0.3 என்று ஏதோ காட்டும், அது மீட்டர் வயரின் சொந்த அளவு. எலிமென்டின் இரண்டு முனையிலும் புரோபை வையுங்கள். எவ்வளவு காட்ட வேண்டும்? வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுங்கள். 230 வோல்ட்டில் 2000 வாட் எலிமென்ட் என்றால் 230 பெருக்கல் 230 சமம் 52,900. அதை 2000-ஆல் வகுத்தால் 26 ஓம் சொச்சம். 1100 வாட் அடி எலிமென்ட் என்றால் 48. நிக்ரோம் ஆறியிருக்கும்போதும் சிவந்திருக்கும்போதும் மின்தடை சில சதவீதம்தான் மாறும் என்பதால் இந்தக் கணக்கு ஆறிய எலிமென்டுக்கும் சரியாகவே வரும். வாட் அளவு எலிமென்டின் தகட்டிலேயே பொறித்திருக்கும். கணக்குக்கு ஒன்றிரண்டு ஓம் முன்பின் இருந்தால் கவலை இல்லை. மீட்டர் ஓஎல் (OL) என்றோ, இடது ஓரத்தில் வெறும் 1 என்றோ காட்டினால் சுருள் அறுந்துவிட்டது.

கிரில்லில் சில சமயம் உள்சுற்று வெளிச்சுற்று என்று இரண்டு சுருள் இருக்கும், முனைகள் மூன்று அல்லது நான்கு. அவற்றைத் தனித்தனியாக அளக்க வேண்டும்.

அடுத்து எர்த் சோதனை. மீட்டரை இருப்பதிலேயே உயர்ந்த ஓம் அளவில் வைத்து, ஒரு புரோபை எலிமென்டின் முனையிலும் இன்னொன்றை அதன் உலோகச் சட்டையிலும் வையுங்கள். ஓஎல் என்று காட்ட வேண்டும். ஏதாவது எண் வந்தால் கசிவு இருக்கிறது. ஓஎல் வந்தாலும் ஆர்சிசிபி தொடர்ந்து விழுந்தால், சாதாரண மீட்டரின் சின்ன பேட்டரி கண்டுபிடிக்காத கசிவாக இருக்கலாம். அதை 500 வோல்ட்டில் சோதிக்கும் மெக்கர் எலக்ட்ரீஷியனிடம் இருக்கும். விழுகிறதே என்று எர்த் வயரைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஓட்டினால் கசியும் கரண்ட் ஓவனின் கதவுப்பிடியில் உங்களுக்காகக் காத்திருக்கும்.

எலிமென்ட் நன்றாக இருந்தால்

அப்போது பின்தகட்டையோ மேல்தகட்டையோ கழற்ற வேண்டும். உள்பொருத்து ஓவனை அலமாரியில் இருந்து இழுக்க இரண்டு ஆள் தேவை, தனியாக முயலாதீர்கள். உள்ளே முதலில் வயர்களை நோட்டம் விடுங்கள். கருகிய நிறமே கோளாறைக் காட்டிக்கொடுக்கும்.

கட்-அவுட் என்பது சட்டைப் பொத்தான் அளவில் வட்டமான தலையும் இரண்டு கால்களும் கொண்ட சின்ன உருப்படி. பின்சுவரிலோ மேல்தகட்டிலோ பதிந்திருக்கும். வயரில் ஒன்றைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் அளந்தால், அறை வெப்பத்தில் பூஜ்யத்துக்குப் பக்கமாகக் காட்ட வேண்டும். ஓஎல் என்றால் திறந்துகொண்டுவிட்டது. சிலவற்றின் நடுவே துளிக் குமிழ் ஒன்று இருக்கும், அழுத்தினால் டிக் என்று பழைய நிலைக்கு வரும். வந்தாலும் நிம்மதியாகிவிடாதீர்கள். அது ஏன் அறுந்தது என்பதுதான் கேள்வி. குளிரூட்டும் விசிறி சுற்றாமல் நின்றிருக்கும், காற்றுத் துவாரம் அடைத்திருக்கும், இல்லை தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு சூட்டை நிறுத்தாமல் விட்டிருக்கும். விசிறியின் இறக்கையை விரலால் சுற்றிப் பாருங்கள், தடையில்லாமல் சுற்ற வேண்டும். கட்-அவுட்டை வயரால் இணைத்துத் தாண்டிப்போவது, சோதனைக்காகக் கூட, வேண்டவே வேண்டாம். வீடு தீப்பிடிக்காமல் காக்கும் கடைசிக் கதவு அது.

நாபோடு வரும் பழைய பாணி தெர்மோஸ்டாட்டில் தலைமுடிபோல ஒரு செப்புக்குழாய் கிளம்பி ஓவனுக்குள் போய், பென்சில் போன்ற ஒரு குமிழில் முடியும். உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் விரிந்து தெர்மோஸ்டாட்டின் கான்டாக்டைத் திறக்கும். நாபை 200 டிகிரிக்குத் திருகி, அதன் முனைகளை அளந்தால் பூஜ்யம் வர வேண்டும். நாப் அணைந்த நிலையில் ஓஎல். திருகியும் ஓஎல் என்றால் கான்டாக்ட் போய்விட்டது. அந்தக் குழாய் மடிந்து உடைந்து திரவம் கசிந்தால் பெரும்பாலும் நேர்மாறான நோய் வரும்: ஓவன் நிற்காமல் சூடேறிக்கொண்டே போகும். குமிழ் அதன் கிளிப்பில் இருந்து நழுவி எலிமென்டின்மேல் சாய்ந்திருந்தால் ஓவன் லேசாகச் சூடானதுமே அணைந்துவிடும். பாத்திரம் இடித்து இப்படி ஆவது உண்டு. அதைத் திரும்பக் கிளிப்பில் மாட்டினால் வேலை முடிந்தது, பைசா செலவில்லை.

டிஜிட்டல் ஓவனில் நாபுக்குப் பதில் சென்சார். பின்சுவரில் மேல்மூலையில் விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய குச்சி அது. பல மாடல்களில் பிளாட்டினம் வகை. பிடி1000 என்றால் 25 டிகிரியில் ஏறக்குறைய 1100 ஓம், பிடி500 என்றால் 550. சூடு ஏற ஏற ஓமும் ஏறும். பிடி1000-இல் டிகிரிக்கு 3.8 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். ஹேர்டிரையரால் சற்றே சூடுகாட்டினால் மீட்டரில் எண் சீராக ஏற வேண்டும். துள்ளிக் குதித்தாலோ ஓஎல் வந்தாலோ சென்சார் போய்விட்டது. முகப்பில் எஃப் அல்லது ஈ என்று தொடங்கும் பிழைக் குறி வந்திருந்தால் முதலில் கையேட்டில் அதன் பொருளைப் பாருங்கள். அவற்றில் பல இந்தச் சென்சாரைப் பற்றியவைதான்.

எல்லாம் சரியாக அளந்தும் சூடு வரவில்லை என்றால் மிச்சம் இருப்பது செலக்டர் சுவிட்ச், டைமர், கன்ட்ரோல் போர்டு. போர்டில் எலிமென்டை இயக்கும் ரிலே ஒவ்வொரு முறையும் டிக் என்று சத்தமிடும். சத்தமே இல்லை என்றாலும் சந்தேகம்தான், சத்தம் வந்தும் சூடு இல்லை என்றாலும் சந்தேகம்தான். இரண்டாவதில் ரிலேயின் உள்கான்டாக்ட் கருகியிருக்கலாம், அதன் கால்களில் ஈயப்பற்று விரிசல் விட்டிருக்கலாம். இந்தக் கட்டத்துக்கு மேல் நான் மெக்கானிக்கைத்தான் கூப்பிடுவேன். ஆனால் வெறுங்கையோடு கூப்பிட மாட்டேன்: எலிமென்ட் 26 ஓம், சென்சார் 1100, கட்-அவுட் பூஜ்யம் என்று எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுவேன். அப்போது "எல்லாத்தையும் மாத்தணும்" என்ற பேச்சு எழாது.

கேஸ் ஓவன் என்றால்

கேஸ் வாடை வந்தால் வேறு எதுவும் செய்யாதீர்கள். எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வால்வை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே போய் அங்கிருந்து போன் செய்யுங்கள்.

வாடை இல்லை, சூடும் இல்லை என்றால், மேலே அடுப்பு எரிகிறதா என்று பாருங்கள். அதுவும் எரியவில்லை என்றால் கேஸ் தீர்ந்திருக்கும் அல்லது வால்வு மூடியிருக்கும். அடுப்பு எரிந்து ஓவன் மட்டும் எரியவில்லை என்றால் ஓவனின் பற்றவைப்பு எந்த வகை என்று தெரிய வேண்டும்.

நாபை அழுத்திப் பிடித்துப் பற்றவைக்கும் வகையில், விட்டவுடன் சுடர் அணைந்தால் தெர்மோகப்பிளைப் பாருங்கள். சுடரில் நனையும் அந்தச் செப்பு நிறக் குச்சி சூட்டில் இருந்து சில பத்து மில்லிவோல்ட் உண்டாக்கி, அதைக் கொண்டே வால்வைத் திறந்து வைத்திருக்கும். அது சூடேறும்வரை 10, 15 நொடி நாபை விடாமல் பிடிக்க வேண்டும். பலர் ஐந்து நொடியில் விட்டுவிடுகிறார்கள். பிடித்தும் அணைந்தால், ஆறியபின் குச்சியின் நுனியில் படிந்த கரியை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, அது சுடருக்குள் நிற்கும்படி நேராக்குங்கள். அதிலும் சரியாகாவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

இன்னொரு வகையில் பர்னர் பக்கத்தில் ஒரு இக்னைட்டர் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். இது பார்ப்பவரை ஏமாற்றும் பாகம். இக்னைட்டரும் கேஸ் வால்வும் ஒரே வரிசையில் இணைந்தவை. இக்னைட்டர் சூடாகச் சூடாக அதன் தடை குறைந்து கரண்ட் கூடும், போதுமான அளவு கூடினால்தான் வால்வு திறக்கும். பழசான இக்னைட்டர் ஒளிரும், ஆனால் வால்வைத் திறக்கும் அளவுக்குக் கரண்ட் இழுக்காது. "ஒளிருதே, அப்போ இக்னைட்டர் நல்லாத்தான் இருக்கு" என்று வால்வை மாற்றிப் பணத்தை வீணாக்குவது இங்கேதான் நடக்கிறது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போடுங்கள். ஒன்றரை நிமிடம் ஒளிர்ந்தும் பர்னர் பற்றவில்லை என்றால் இக்னைட்டர் வலுவிழந்துவிட்டது. மாற்றும்போது கேஸையும் கரண்டையும் இரண்டையும் நிறுத்துங்கள். அந்தச் சாம்பல் நிறப் பகுதியை விரலால் தொடாதீர்கள், சாக்பீஸ்போல் உடையும். வால்வு, கேஸ் குழாய், ஜெட் இவற்றில் கைவைப்பது உரிமம் பெற்றவர் வேலை.

சூடாகிறது, ஆனால் போதவில்லை

நாபில் 200 என்று வைத்தால் உள்ளே 200 இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஓவன் தெர்மாமீட்டரை நடுத்தட்டின் மையத்தில் வைத்து, அரை மணி நேரம் ஓடவிட்டு, அடுத்த இருபது நிமிடத்தில் நான்கைந்து முறை கண்ணாடி வழியாகப் படித்துச் சராசரி எடுங்கள். தெர்மோஸ்டாட் விட்டுவிட்டு இயங்குவதால் 10, 15 டிகிரி ஏறி இறங்குவது இயல்பு. சராசரியே 20 டிகிரி குறைகிறது என்றால் பல டிஜிட்டல் மாடல்களில் அமைப்புக்குள் போய் அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டலாம்.

அதைவிட அதிகம் குறைந்தால் கதவு ரப்பரைப் பாருங்கள். கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும்; நான்கு பக்கமும் இப்படிப் பாருங்கள். தரையில் அலுமினியத் தாள் விரித்திருந்தால் எடுத்துவிடுங்கள். அடிப்பக்கச் சூடு மேலே வராமல் அது தடுக்கும், எனாமலையும் கெடுக்கும்.

மாட்டி முடித்து

புது எலிமென்ட் வாங்கும்போது மாடல் எண் மட்டும் பார்த்தால் போதாது. வாட்டும், முனைகளின் இடைவெளியும், ஸ்க்ரூ ஓட்டையின் இடமும் பழையதோடு பொருந்த வேண்டும். பழையதைக் கையோடு கொண்டுபோவது உத்தமம். மாட்டியபின் இணைப்புகள் இறுக்கமாக இருக்கின்றனவா, வயர் எதுவும் எலிமென்டிலோ தகட்டின் கூரான ஓரத்திலோ உரசுகிறதா என்று பார்த்து, கடைசி ஸ்க்ரூவரை போட்டுவிட்டுத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். முதல் அரை மணி நேரம் வெறும் ஓவனை 200 டிகிரிக்கு மேல் ஓட்டுங்கள். எண்ணெய்ப் பூச்சு எரிந்து புகையும் வாடையும் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். புகை குறைந்துகொண்டே வர வேண்டும். பிளாஸ்டிக் எரியும் வாடை வந்தால் உடனே அணைத்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள், எங்கோ வயர் தொட்டுக்கொண்டிருக்கிறது.

ஓவனை அலமாரிக்குள் தள்ளுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி. புது எலிமென்டின் ஓம் அளவையும் மாற்றிய தேதியையும் சின்னச் சீட்டில் எழுதி, சூடு படாத இடமாகப் பார்த்துக் கதவுச் சட்டத்தின் ஓரத்தில் ஒட்டுங்கள். என் ஓவனில் அப்படி ஒரு சீட்டு இருக்கிறது. அதில் முதல் வரி, "கடிகாரத்தைப் பார்".